எண்ணிக்கை கேட்ட நீதி

அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலம் 254 கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றதோர் ஆட்சிப் பிரிவு. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அம்மாநில மக்கள் ஏறத்தாழ 2 கோடியே 91 இலட்சம் பேர். அவர்களுள் 1 கோடியே 14 இலட்சம் பேர் ஸ்பானிய, இலத்தீன் அமெரிக்க வழியினர். இவர்கள் எல்லாக் கவுண்டிகளிலும் ஒரே சீராகப் பரவியிருக்கிறார்களா? இல்லை.

மெக்சிகோ எல்லையிலுள்ள ஸ்டார் கவுண்டியில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் இவ்வழியினரே. ஆனால் அங்குள்ள மொத்த மக்களே சுமார் 66,000 பேர்தாம். ஹூஸ்டன் நகர் அமைந்த ஹாரிஸ் கவுண்டியில் இவர்களின் பங்கு நூற்றுக்கு 43. எண்ணிக்கையோ 20 இலட்சம்! கரைசலின் செறிவு வேறு, கரைந்துள்ள பொருளின் அளவு வேறு என்று வேதியியலில் படித்திருப்பீர்கள். இங்கும் அவ்வாறே.

எல்லையோரச் செறிவுக்குக் காரணம் வரலாற்றில் உள்ளது. லரேடோ நகரம் 1755இல் ஸ்பானியரால் நிறுவப்பட்டது. 1848ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ரியோ கிராண்டி ஆறு இரு நாடுகளின் எல்லையாயிற்று. அதன் வடகரையில் வாழ்ந்தோர் வீட்டை விட்டு நகராமலே வேறொரு நாட்டில் இருக்கக் கண்டனர்!

இவர்களை எவ்வாறு எண்ணுவது? 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 'மெக்சிகர்' என்பது தனி இனமாகக் குறிக்கப்பட்டது. 1940இல் அது கைவிடப்பட்டது. 1950இல் டெக்சாஸ் உள்ளிட்ட ஐந்து தென்மேற்கு மாநிலங்களில் ஸ்பானியக் குடும்பப் பெயர் கொண்டோரைக் கணக்கிட்டனர். இக்கணக்கு விரைவில் நீதிமன்றம் ஏறியது.

ஜாக்சன் கவுண்டியில் பீட் ஹெர்னாண்டஸ் என்பவர் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அக்கவுண்டியில் வயது வந்த ஆண்களுள் நூற்றுக்கு 11 பேர் ஸ்பானிய வகைப் பெயர் உடையோர். எனினும் 25 ஆண்டுகளில் அழைக்கப்பட்ட 6,000க்கு மேற்பட்ட ஜூரிகளுள் அத்தகைய பெயர் ஒன்றுகூட இல்லை. இவர்களும் வெள்ளையரே, ஆகவே பாகுபாடு ஏதுமில்லை என்றது டெக்சாஸ் தரப்பு.

இது தற்செயலாக நிகழக்கூடியதா? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 12 பேர் கொண்ட ஒரு ஜூரியைக் குலுக்கல் முறையில் தேர்ந்தால், அதில் இவர்களுள் ஒருவரும் இடம்பெறாதிருக்கும் நிகழ்தகவு 0.89ஐப் பன்னிரண்டு முறை பெருக்கக் கிடைப்பது; அதாவது நான்கில் ஒன்று. இதில் வியப்பில்லை. ஆனால் அடுத்தடுத்துப் பத்து ஜூரிகளில் இவ்வாறே நிகழ்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 10 இலட்சத்தில் ஒன்றே! 25 ஆண்டுகளுக்கோ சொல்ல வேண்டியதில்லை.

1954 மே 3ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இது வெறும் தற்செயல் என்பதை நம்புவதற்கில்லை என ஒருமனதாகத் தீர்ப்பளித்து, தண்டனையை நீக்கியது. 1970இல் மக்களுள் ஒரு பகுதியினரிடமும், 1980இல் அனைவரிடமும் 'நீங்கள் ஸ்பானிய வழியினரா?' எனும் வினா கேட்கப்பட்டது. பெயரைக் கொண்டு ஊகிக்கும் நிலை மாறி, மக்களே தம்மைக் கூறிக்கொள்ளும் முறை வந்தது.

மக்கள்தொகைப் பட்டியலை உயிரற்ற எண்களின் வரிசை என எண்ணிவிடாதீர்கள். ஜாக்சன் கவுண்டியில் அந்த 11 என்ற எண் குறிக்கப்படாதிருந்தால், 25 ஆண்டு அநீதியை மெய்ப்பிக்க அளவுகோலே இருந்திராது.