குக்கீ: யாரும் மதிக்காத ஒரு வரி

எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் "குக்கீகளை ஏற்கிறீர்களா?"ன்னு ஒரு பெட்டி வந்து நிக்குது இல்லையா? அதுக்குப் பின்னால ஓடுற கோடை எழுதுறது என் வேலையில ஒரு பகுதி. இன்னைக்கு அந்தப் பெட்டி எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம்.

1994. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி என்ற இன்ஜினியர் வேலை பார்த்தார். அப்போ வெப்புக்கு ஞாபகமே கிடையாது. ஒரு பக்கத்தில் இருந்து அடுத்த பக்கம் போனா, சர்வருக்கு நீங்க புது ஆள். அப்புறம் ஆன்லைன் கடையில கூடையில போட்ட பொருள் எப்படி நிக்கும்? அதற்காக ஒரு சின்னக் குறிப்பை நம்ம பிரவுசரிலேயே எழுதி வைக்கிற வழியை மொன்டுல்லி உருவாக்கினார். அதுதான் குக்கீ. எழுதிய சைட் மட்டுமே அதைத் திரும்பப் படிக்க முடியும்.

நல்ல டிசைன்தான். ஆனா ஒரு ஓட்டை இருந்தது. ஒரு பக்கத்துக்குள்ள வேறொரு கம்பெனியோட விளம்பரப் படம் வந்தா, அந்தக் கம்பெனியும் குக்கீ வைக்கலாம். அதே கம்பெனியின் படம் நூறு சைட்டில் இருந்தா, நூறிலும் நீங்க ஒரே ஆள்னு அதுக்குத் தெரிஞ்சிடும். இதுதான் மூன்றாம் தரப்பு குக்கீ.

இதை யாரும் கவனிக்காம விடலை. 1997 பிப்ரவரியில் குக்கீக்கான தரநிலை, ஆர்எஃப்சி 2109, வெளியானது. எழுதியவர்கள் டேவிட் கிரிஸ்டலும் அதே மொன்டுல்லியும். மூன்றாம் தரப்பு குக்கீயை பிரவுசர் டீஃபால்ட்டாக அனுமதிக்கக் கூடாது என்பது அதன் சாரம். நெட்ஸ்கேப், மைக்ரோசாஃப்ட் ரெண்டு பேருமே அதைப் பின்பற்றவில்லை. விளம்பரத் தொழில் ஏற்கெனவே குக்கீயை நம்பி வளர ஆரம்பிச்சிருந்தது.

பிரவுசரில் முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம் சட்டத்துக்குப் போனது. 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் தன் இ-பிரைவசி விதியைத் திருத்தி, முன்கூட்டியே சம்மதம் வேண்டும் என்றது. 2018 மே 25 முதல் ஜிடிபிஆர் அமலுக்கு வந்து, சம்மதம் என்றால் என்ன என்பதை இறுக்கியது. முன்கூட்டியே டிக் போட்ட பெட்டி சம்மதம் ஆகாது என்று 2019 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்க ஒரே கிளிக், மறுக்கப் பல கிளிக் என்று வைத்ததற்காக பிரான்ஸின் சிஎன்ஐஎல், கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்தது. இது வெளியானது 2022 ஜனவரியில்.

அதனால இன்னைக்கு எங்க வேலை இப்படி: நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் டிராக்கர் ஸ்கிரிப்ட் லோடே ஆகக் கூடாது. ஏற்கும் பட்டன் பக்கத்திலேயே மறுக்கும் பட்டனும் இருக்கணும். லாகின், கூடை மாதிரி அவசியமான குக்கீக்கு சம்மதம் கேட்க வேண்டாம். வேடிக்கை என்னன்னா, நீங்க "வேண்டாம்"னு சொன்னதை ஞாபகம் வெச்சுக்கவும் பெரும்பாலும் ஒரு குக்கீதான் வைக்கிறோம்!

2020 மார்ச்சில் சஃபாரி மூன்றாம் தரப்பு குக்கீயை டீஃபால்ட்டாகவே முழுசா அடைச்சிடுச்சு. 1997-ன் அந்த வரி 23 வருஷம் கழிச்சு ஒரு பிரவுசரில் நிஜமானது. குரோமில் நிறுத்தப்போவதாகச் சொல்லிவந்த கூகுள், 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

சட்டம் நமக்குக் கேள்வி கேட்கப்படும் உரிமையைக் கொடுத்தது. ஆனா தினமும் பத்து தடவை கேட்டா யார் படிப்பாங்க? அவசரத்துல அழுத்துற பட்டனை சம்மதம்னு சொல்றதுல எனக்கு ஒப்புதல் இல்லை. கேட்காமலேயே பாதுகாக்கிற டீஃபால்ட்தான் உண்மையான மரியாதை. உங்க பிரவுசரோட செட்டிங்ஸை இன்னைக்கே ஒரு தடவை திறந்து பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.