எண் ஒன்று வீழ்த்திய ராக்கெட்

12.7 என்னும் தசம எண்ணைக் கிட்டிய முழு எண்ணுக்கு மாற்றச் சொன்னால், நம் பிள்ளைகள் 13 என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். இதில் என்ன பெரிய காரியம் என்பீர்கள். இதே வேலையைக் கணினி செய்யப் போய், ஐரோப்பிய நாடுகள் ஏறக்குறைய பத்தாண்டு பாடுபட்டுக் கட்டிய ராக்கெட் ஒன்று வானத்தில் சிதறிப்போன வரலாறு உண்டு.

கணினிக்குள் எல்லா எண்களும் ஒரே பாத்திரத்தில் இருப்பதில்லை. தசமப் புள்ளி வைத்த எண்ணுக்கு 64 பிட் கொண்ட பெரிய தோம்பு உண்டு. முழு எண்ணுக்கு 16 பிட் கொண்ட சின்ன வாளியும் உண்டு. அந்த வாளியில் -32,768 முதல் 32,767 வரைதான் அடங்கும். தோம்பிலிருந்து வாளிக்கு ஊற்றலாம், ஆனால் அளவு பார்த்து ஊற்ற வேண்டும். கித்தாப் பால் தூக்கிய வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா, என்ன?

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் கூரூ என்னுமிடத்திலிருந்து ஏரியான் 5 தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. உள்ளே பூமியின் காந்த மண்டலத்தை ஆராயும் கிளஸ்டர் துணைக்கோள்கள் நான்கு. 40 வினாடி அளவில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், ராக்கெட் திடீரெனத் திரும்பியது, உடைந்தது, தன்னைத்தானே வெடித்துக்கொண்டது.

நடந்தது என்னவென்றால், திசை காட்டும் கருவிக்கான நிரல், பழைய ஏரியான் 4-இலிருந்து அப்படியே எடுத்து வைக்கப்பட்டது. 'அடா' என்னும் கணினி மொழியில் எழுதியது. கண்டிப்பான மொழிதான், மொழியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கிடைவேகம் சார்ந்த ஓர் எண்ணை அது தோம்பிலிருந்து வாளிக்கு மாற்றிக்கொண்டிருந்தது. புதிய ராக்கெட்டிலோ கிடைவேகம் பழையதைவிட ஐந்து மடங்கு விரைவாகக் கூடியது. எண் வாளியில் அடங்கவில்லை. கருவி பிழை என்று சொல்லி நின்றுவிட்டது. துணைக்கு இன்னொரு கருவி இருந்ததே என்பீர்கள். இருந்தது. அதிலும் அதே நிரல்! அது ஒரு நொடிக்கும் குறைவான நேரம் முன்னதாகவே நின்றுபோயிருந்தது. நின்ற கருவி அனுப்பிய பிழைக் குறிப்பை முதன்மைக் கணினி பயணத் தகவல் என்று நம்பி, ராக்கெட்டைத் திருப்பிவிட்டது.

ஆபத்தான மாற்றங்கள் ஏழு இருந்தனவாம். நான்குக்குப் பாதுகாப்பு வைத்தார்கள். கணினியின் வேலைப்பளு 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதற்காக மூன்றை விட்டுவிட்டார்கள். ஏரியான் 4-க்கு அது பொருந்திய கணக்குதான். புதிய பயணப் பாதையை வைத்து ஒருதரம் சோதித்துப் பார்க்காததே பெருங்குறை என்பது என் எண்ணம். இதைவிட வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? அந்தக் கணக்கு புறப்படுவதற்கு முன் தேவைப்படும் கணக்கு. ஏரியான் 5 மேலே கிளம்பிய பிறகு அதற்கு வேலையே இல்லை!

ஷாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு இவற்றையெல்லாம் அதே ஜூலை மாதம் அறிக்கையில் எழுதியது. ஏரியான் 5 பின்னர் தேறி, 2021-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைச் சுமந்து சென்று, 2023-இல் ஓய்வு பெற்றது. கிளஸ்டர் துணைக்கோள்கள் நான்கும் மறுபடி உருவாக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டில் கசக்ஸ்தானின் பைக்கோனூரிலிருந்து, சோயுஸ் ராக்கெட்டுகளில் இரண்டிரண்டாக ஏறிச் சென்றன.