முளைத்த தானியம் டின்னுக்குள் போன கதை



மால்ட் பானத்தை வீட்டிலேயே தயாரிக்க முடியுமா, இல்லை கடையில் வாங்கும் டின்தான் கதியா? இன்றைய அரங்கில் நான் பேச எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். சின்னக் கேள்விதானே என்று தோன்றலாம். இதற்குள் நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. நம் பிள்ளைகளின் உடல்நலமும் இருக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸிலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ ஒரு சாப்பாட்டுக் கடையில் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒருவர் மைலோ ஐஸ் கேட்பார். இன்னொருவர் சூடாக ஹார்லிக்ஸ் கேட்பார். மைலோவின் மேல் மைலோத் தூளையே குவித்துத் தரும் 'மைலோ டைனோசர்' இளைஞர்களுக்குப் பிடித்தமானது. வீட்டிலும் இதே கதைதான். பள்ளிக்குப் புறப்படும் பிள்ளை ஒரு மங்கு மைலோ குடித்துவிட்டால், பசியாறிவிட்டான் என்று தாய்க்கு நிம்மதி. 'சத்து பானம்' என்று பெயரும் வைத்துவிட்டோம். அந்தச் சத்து எங்கிருந்து வந்தது என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

மால்ட் என்றால் என்ன?

மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த தானியம். வேறொன்றும் இல்லை. தானியம் நனைந்து முளைவிடும்போது அதற்குள் அமைலேஸ் என்ற நொதி பெருகுகிறது. அந்த நொதி மாவுச்சத்தை உடைத்து, மால்டோஸ் என்ற மெல்லிய இனிப்பாக மாற்றுகிறது. ஐரோப்பியர்கள் பார்லியை முளைக்கவைத்து பீர் காய்ச்சினார்கள். நம்மவர்கள் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, மாவாக்கி, பிள்ளைக்குக் கூழ் காய்ச்சினார்கள். பெயர் வேறு, வித்தை ஒன்று.

இந்த வித்தையை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டு போனவர்களில் முக்கியமானவர் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக். 1860களில் கோதுமை மாவு, மால்ட் மாவு, பசும்பால் ஆகியவற்றைச் சேர்த்துக் குழந்தை உணவு ஒன்றை அவர் உருவாக்கினார். அடுத்து வந்தவர்கள் இங்கிலாந்தில் பிறந்த ஹார்லிக் சகோதரர்கள். ஜேம்ஸ் மருந்துத் தயாரிப்பில் பழகியவர். தம்பி வில்லியம் அமெரிக்காவுக்குக் குடியேறியவர். இருவரும் 1873இல் அமெரிக்காவில் தொழில் தொடங்கினார்கள். பாலையும் மால்ட்டையும் சேர்த்து உலர்த்தி, நீரில் கரையும் தூளாக்கும் முறைக்கு 1883இல் காப்புரிமை பெற்றார்கள்.

யாருக்காக இதைச் செய்தார்கள்? குழந்தைகளுக்காகவும் நோயாளிகளுக்காகவும். அன்று குளிர்பெட்டி இல்லை. நகரத்துப் பால் சீக்கிரம் கெட்டுப்போகும். கெடாத தூள் என்பது அக்காலத்தில் பெரிய வரம்தான். அதை நாம் மறுக்கக் கூடாது.

1904இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஆல்பர்ட் வாண்டர் ஓவோமால்டினைக் கொண்டு வந்தார். நாம் அறிந்த ஓவல்டின் அதுதான். 1934இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மேய்ன் மால்ட், பால், கோக்கோ மூன்றையும் சேர்த்து மைலோவை உருவாக்கினார். உலகப் பொருளாதார மந்தம் வாட்டிய காலம் அது. மைலோ என்பது பண்டைய கிரேக்க மல்யுத்த வீரன் ஒருவனின் பெயர். நோயாளியின் கட்டிலருகே இருந்த மால்ட், இந்தப் பெயரோடு விளையாட்டுத் திடலுக்கு வந்து சேர்ந்தது.

மலாயாவுக்கு வந்த டின்

நம் நாட்டில் மால்ட் டின்னுக்கு வழி திறந்துவிட்டது டின்பால். ஆங்கிலோ-சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் கம்பெனி 1912இல் பினாங்கில் கால் பதித்தது. பின்னாளில் நெஸ்லே மலேசியா ஆனதும் அதுவே. 1939இல் கோலாலம்பூருக்கு வந்தது. 1950இல் மைலோ இங்கே அறிமுகமானது. 1962இல் பெட்டாலிங் ஜெயாவில் அந்நிறுவனத்தின் முதல் தொழிற்சாலை எழுந்தது. வெளிநாட்டுச் சரக்காக இருந்தது கிள்ளான் பள்ளத்தாக்கின் சொந்தச் சரக்காகிவிட்டது. பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் பச்சை நிற மைலோ லோரி வந்து நிற்க, காகிதக் கோப்பையோடு வரிசையில் நின்ற அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இல்லை?

இந்த இடத்தில் ஒரு பெண்மணியை நினைவுகூர வேண்டும். டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், ஜமைக்காவில் பிறந்த குழந்தை மருத்துவர். ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில், அதாவது இன்றைய கானாவில், புரதக் குறைவால் குழந்தைகளுக்கு வரும் குவாஷியோர்கர் நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர். பிறகு மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். இங்கே தாய்ப்பாலுக்குப் பதிலாகச் சீனி நிறைந்த டின்பாலைக் கரைத்துக் குழந்தைகளுக்குக் கொடுப்பதையும், அதனால் குழந்தைகள் மெலிந்து சாவதையும் கண்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் உரையாற்றினார். உரைக்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. கூட்டத்தில் இருந்தவர்கள் எப்படித் திடுக்கிட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்!

டின்பாலும் மால்ட் தூளும் ஒன்றல்ல. ஆனால் அந்த அம்மையார் சொன்ன பாடம் இரண்டுக்கும் பொருந்தும். டின்மேல் எழுதியிருக்கும் பெருமையை நம்பாதே, உள்ளே என்ன இருக்கிறது என்று பார் என்பதே அந்தப் பாடம்.

இன்று உள்ளே என்ன இருக்கிறது?

ஹார்லிக் சகோதரர்கள் காலத்துப் பிரச்சினை பால் கெட்டுப்போவது. இன்று நம் பிரச்சினை சீனி. 2023இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஆறு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். 2019 ஆய்வில் இன வாரியாகப் பார்த்தபோது, இந்தியர்களிடையேதான் இந்நோய் மிக அதிகம். இது நம் வீட்டுக் கதை, நேயர்களே.

ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது வயதுவந்தவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. கடை மைலோவில் தூளிலும் சீனி, அதோடு ஊற்றும் டின்பாலிலும் சீனி. அந்த டின்னிலும் இன்று பெரும்பாலும் இருப்பது செம்பனை எண்ணெய் கலந்த கிரீமர். இந்தியாவில் 2024 ஏப்ரலில், இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுத்துவிடும்படி இணைய விற்பனைத் தளங்களுக்கு அரசாங்கம் கூறியது. உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லையாம்!

நம் அடுப்படியில்

ஆகவே கேள்விக்கு வருவோம். வீட்டில் முடியுமா? தாராளமாக முடியும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. பார்லித் தண்ணீர் காய்ச்ச நாம் வாங்குகிறோமே, அந்த வெள்ளைப் பார்லி முளைக்காது. தீட்டும்போதே அதன் முளைக்கும் திறன் போய்விடுகிறது. முழுக் கேழ்வரகை வாங்குங்கள். பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம் மளிகைக் கடைகளில் கேட்டால் கிடைக்கும்.

நன்றாகக் கழுவி, கல் அரித்து, இரவு முழுக்க ஊறவையுங்கள். நீரை வடித்து, சுத்தமான ஈரத்துணியில் கட்டி வையுங்கள். நம் வெப்பத்தில் ஒரு நாளில் வெள்ளை முளை தலைகாட்டும். பிறகு வெயிலில் மொறமொறவென்று காயவையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் இதுதான் கடினமான கட்டம். அரைகுறையாகக் காய்ந்தால் பூசணம் பிடிக்கும். பூசணம் கண்டால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். காய்ந்ததைக் கையால் தேய்த்து முளையை உதிர்த்து, இளஞ்சூட்டில் வறுத்து, அரைத்துச் சலித்தால் மால்ட் மாவு தயார். இரண்டு கரண்டி மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, பால் சேர்த்து, ஏலக்காய் தட்டிப் போடுங்கள். டின் தூளைப் போல வெந்நீரில் கலக்கி உடனே குடிக்க முடியாது. இதை வேகவைக்க வேண்டும்.

முளைகட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரணக் கேழ்வரகு மாவு காய்ச்சினால் களியாகக் கெட்டிப்படும். முளைகட்டிய மாவு இளகி நிற்கும். அதனால் அதே அளவு கூழில் கூடுதல் மாவு சேர்க்கலாம், குழந்தையின் சின்ன வயிற்றுக்குள் கூடுதல் உணவு போகும். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகத்தின் விஞ்ஞானிகள் 1980களின் தொடக்கத்திலேயே கேழ்வரகு, பாசிப்பயறு மால்ட்டைக் கொண்டு குழந்தை உணவுகளை ஆராய்ந்தார்கள். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் தரப்படும் சத்துமாவிலும் முளைகட்டிய கேழ்வரகு சேர்க்கப்படுகிறது.

இதுவும் மந்திர மருந்தல்ல. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு என்பது உண்மை. ஆனால் ஒரு கோப்பைக்கு நாம் போடுவது 20 கிராம்கூட இருக்காது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இதுவும் மாவுச்சத்துதான், அளவு வேண்டும். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம்.

அப்படியென்றால் என்ன லாபம்? சீனிக் கரண்டி உங்கள் கையில் இருக்கிறது, அதுதான் லாபம். இனிப்பு எவ்வளவு என்பதைத் தொழிற்சாலை முடிவு செய்யாது, தாய் முடிவு செய்வாள். டின்னை வீட்டைவிட்டு விரட்டச் சொல்லவில்லை. வாங்கும்போது டின்னின் பின்பக்கத்தைத் திருப்பி, நூறு கிராமில் எத்தனை கிராம் சீனி என்று படியுங்கள். வாரத்தில் நான்கு நாளாவது கேழ்வரகை அடுப்பில் ஏற்றுங்கள்.

முளைகட்டும் வித்தை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அது நம் பாட்டிமார் கையில் இருந்தது. நம் பிள்ளைகள் கையிலும் அது இருக்கட்டும்.