சொலிடாட் பள்ளியின் ஒன்பது பிள்ளைகள்

கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கு லெட்டூஸும் காய்கறியும் செழித்து விளையும் பூமி. அந்த வயல்களில் குனிந்து அறுவடை செய்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வழி வந்த கூலிக் குடும்பத்தார். அங்கே சொலிடாட் என்றொரு சிற்றூர். ஜான் ஸ்டைன்பெக் 1937இல் எழுதிய ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ நாவல் இந்த ஊருக்குச் சில மைல் தெற்கே தொடங்குகிறது. அதில் வரும் லென்னி அறிவு வளர்ச்சி குன்றிய பண்ணையாள். சொலிடாட் பள்ளியோ அறிவில் எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளுக்கே அப்படியொரு முத்திரையைக் குத்தி வைத்திருந்தது.

1970 ஜனவரியில் ஒன்பது பிள்ளைகளின் சார்பில் வழக்கு தொடரப்பட்டது. ‘டயானா எதிர் மாநிலக் கல்வி வாரியம்’ என்பது அதன் பெயர். வீட்டில் ஸ்பானிஷ் பேசும் அந்தப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுச் சோதித்து, ‘மனவளர்ச்சி குன்றியோர்’ வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். பள்ளிகளில் அப்போது புழங்கிய அறிவுத்திறன் சோதனைகள் வெள்ளையினக் குழந்தைகளை அளவாக வைத்து உருவானவை. கேள்வி புரியாத பிள்ளை என்ன பதில் சொல்லும்?

இரு மொழியும் அறிந்த உளவியலாளர் ஒருவர் மறுபடி சோதித்தார். எந்த மொழியில் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்றார். ஒன்பது பேரில் ஏழு பேர் அந்த வகுப்புக்கென வைத்திருந்த மதிப்பெண் வரம்பைத் தாண்டினார்கள். சராசரியாகப் பதினைந்து புள்ளிகள் கூடின. அதே பிள்ளைகள்தான், கேட்ட மொழி மட்டுமே மாறியது. இதற்குள் அவர்கள் இழந்த பள்ளி ஆண்டுகளை யார் திருப்பித் தர முடியும்?

வழக்கு சமரசத்தில் முடிந்தது. இனி தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும், ஏற்கெனவே அந்த வகுப்புகளில் இருக்கும் மெக்சிகோ, சீன வழிப் பிள்ளைகளை மீண்டும் சோதிக்க வேண்டும் என்று மாநிலம் ஒப்புக்கொண்டது. 1975இல் நாடு முழுமைக்கும் வந்த மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் கல்விச் சட்டமும், சோதனை இன, பண்பாட்டுப் பாகுபாடின்றி, குழந்தையின் மொழியில் நடக்க வேண்டும் என்றது.

ஆனால், சட்டத்தை வகுப்பறைக்குக் கொண்டுபோக வேண்டியவர் ஆசிரியர். மொழி தெரிந்தால் மட்டும் போதாது. ஒரெகன் மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடிப் பகுதியில் ஆய்வு செய்த சூசன் ஃபிலிப்ஸ் 1972இல் எழுதியதைப் படித்தால் அது விளங்கும். எல்லோர் முன்னும் எழுப்பி நிறுத்தினால் வாய் திறக்காத அந்தப் பிள்ளைகள், குழுவாக வேலை செய்யும்போதும், தாங்களே ஆசிரியரைத் தேடிப் போகும்போதும் தாராளமாகப் பேசினார்கள். ஊர் வழக்கம் அறியாத ஆசிரியருக்கு அந்த மௌனம் மந்தபுத்தியாகத்தான் தெரியும்.

இந்த இடைவெளியை நிரப்ப எடுத்த முயற்சிகளில் மனத்துக்கு மிக நெருக்கமானது அரிசோனாவின் கயென்டாவில் நடந்தது. நவஹோ பழங்குடி மக்களின் ஊர் அது. வடக்கு அரிசோனா பல்கலைக்கழகம் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர். 1990களில் பல்கலைக்கழகமும் கயென்டா பள்ளி நிர்வாகமும் கைகோத்து, சிறப்பாசிரியர் பயிற்சியை அந்த ஊருக்கே கொண்டுபோயின. வெளியிலிருந்து வந்த மாணவர்கள் அங்கேயே தங்கி, உள்ளூர்ப் பள்ளிகளில் பாடம் நடத்திப் பழகினார்கள். நவஹோ மாணவர்களும் அவர்களோடு சேர்ந்து படித்தார்கள். பிள்ளைகளின் வீட்டு மொழியும் உறவுமுறையும் அவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்தவை. சிறப்பாசிரியர் தகுதி பெற அவர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கவில்லை.