அந்தத் தேதியில நீங்க எங்க இருந்தீங்க?

வண்டலூர்ல இருந்து ஒரகடம் வழியா வாலாஜாபாத் போற ரோட்ல ஷிஃப்ட் பஸ்ல தூங்கிட்டே போனவங்க உங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. கம்பெனி காம்பவுண்டு, கன்டெய்னர் லாரி, நடுநடுவுல ஏரி. இந்தப் பக்கத்து ஏரிக்கரைகள்ல பல இடத்துல நாலஞ்சு குடிசை தெரியும். பெரும்பாலும் இருளர் குடும்பங்கள். இன்னைக்கு எபிசோட் அவங்க நிலத்தைப் பத்தினது.

"இருளருக்கு நிலம் ஏது?"ன்னு கேட்டா, அந்தக் கேள்வியிலதான் கதையே இருக்கு.

முதல்ல ஒரு சந்தேகத்தைத் தீர்த்துடுவோம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஏது காடு? இருக்கு. ஆனைமலை மாதிரி மழைக்காடு இல்ல. முள்ளும் புதரும் குட்டை மரமுமா, வெயில்லயும் பச்சையா நிக்கிற காடு. தேன், கிழங்கு, மூலிகை, விறகு எல்லாம் அங்கிருந்து. அறுவடை முடிஞ்ச வயல்ல எலி வளையைத் தோண்டினா எலியும் கிடைக்கும், அது சேர்த்து வச்ச நெல்லும் கிடைக்கும். இருளர் வாழ்க்கை காட்டுக்கும் வயலுக்கும் நடுவுல, ரெண்டையும் தொட்டு நடந்தது. ரெண்டுலயும் அவங்க பேர்ல எதுவும் எழுதப்படல.

எழுதினவங்க யார்? 1763ல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்திய கம்பெனிக்கு ஜாகிராகக் கொடுத்தவர் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா. ஆமா, வாலாஜாபாத்துக்குப் பேர் கொடுத்த அதே ஆள். கம்பெனி உடனே கணக்கெடுக்க ஆரம்பிச்சது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் ஊர் ஊராக அளந்தார். 1818ல் எல்லிஸ் மிராசு உரிமை பற்றி விரிவான அறிக்கையே எழுதினார். நிலம் மிராசுதாருக்கா, சர்க்காருக்கா, உழுறவனுக்கா? இந்த ஜில்லாவை வச்சு நூறு வருஷம் சண்டை போட்டிருக்காங்க. 1891ல் கலெக்டர் டிரெமன்ஹீர் இதே ஜில்லாவின் பறையர்களைப் பற்றிக் கொடுத்த குறிப்பு, பஞ்சமி நிலத்துக்கு வழி போட்டது. பெரிய விஷயம்தான். ஆனா இந்த மொத்த வாதத்திலயும் 'நிலம்'னா விளையுற நிலம், வரி வர்ற நிலம். கிழங்கு தோண்டுறவங்களுக்கு அதுல இடம் இல்ல.

காடு அரசாங்கக் கணக்குக்குள்ள வந்தது 1882ல், மெட்ராஸ் வனச் சட்டம் மூலமா. அது எப்படி வேலை செஞ்சதுன்னு பாருங்க. இந்தக் காட்டைக் காப்புக்காடா ஆக்கப்போறோம்னு அரசு அறிவிக்கும். ஒரு அதிகாரி பிரகடனம் போட்டு, உரிமை கோருறவங்க குறைந்தது மூணு மாசத்துக்குள்ள வந்து சொல்லணும்னு கெடு வைப்பார். கெடுவுக்குள்ள யாரும் வரலைன்னா? உரிமை அத்தோட போச்சு. எழுதப் படிக்கத் தெரியாத, தாசில்தார் ஆபீஸ் பக்கமே போகாத ஒரு கூட்டத்துக்கு மூணு மாசம் என்ன அர்த்தம்? முன்னாடி ஒருத்தர் விறகு வெட்டினா பிழைப்பு. இப்ப குற்றம். மரம் அதேதான், அரிவாளும் அதேதான்.

(ஒரு சின்ன இடைச்செருகல். சென்னை மிருகக்காட்சி சாலை ஊருக்குள்ள இடம் பத்தாம 1985ல் வண்டலூருக்கு வந்தது இல்லையா? அதுக்கு ஒதுக்கினது காப்புக்காட்டு நிலம்தான், ஆயிரத்து இருநூறு ஏக்கருக்கு மேல. காப்புக்காட்டை யாருக்கும் கொடுக்கவே முடியாதுன்னு எல்லாம் ஒண்ணும் இல்ல.)

அடுத்த அடி பாம்புத் தோல்ல விழுந்தது. பாம்பு பிடிச்சுத் தோல் வித்துதான் பல குடும்பம் நடந்துட்டிருந்தது. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976ல் தோல் ஏற்றுமதியே நின்னது. பாம்புகளுக்கு நல்லது, நான் அதை மறுக்கல. மனுஷங்களுக்கு மாற்று என்ன? அதுக்குப் பதிலா 1978ல் வந்ததுதான் ராமுலஸ் விட்டேக்கர் துணையோட உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில இருக்கு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலையும் பிடிச்சு, விஷம் எடுத்து, திரும்பக் காட்டுல விடுறாங்க. இந்தியாவுல பாம்புக்கடி மருந்துக்குப் போற விஷத்துல பெரும்பங்கு இங்கிருந்துதான். 2023ல் வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சது. 'நிலையான வளர்ச்சி'ன்னு மாநாட்டுல பேசுறாங்களே, அது நடந்தா இப்படித்தான் இருக்கும். ஆனா சங்கத்துல சில நூறு பேர்தான் இருக்க முடியும். மத்தவங்க அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் போனாங்க, முன்பணம் வாங்கிட்டு. 2019 ஜூலையில காஞ்சிபுரம், வேலூர் பக்கம் மரம் வெட்டுற இடங்கள்ல இருந்து 42 கொத்தடிமைகளை மீட்டப்ப, ஒரு முதியவர் அதிகாரி கால்ல விழுந்த படத்தைப் பாத்திருப்பீங்க. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து அப்போ 43 வருஷம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். 2006ல் வன உரிமைச் சட்டம் வந்தது. பழங்குடிகளுக்கு நடந்தது 'வரலாற்று அநீதி'ன்னு சட்டமே ஒத்துக்கிச்சு. நாலு ஹெக்டேர் வரைக்கும் உரிமை, காட்டு விளைபொருள்ல உரிமை, முடிவெடுக்கிற அதிகாரம் கிராம சபைக்கு. சாட்சி விஷயத்துல இன்னும் அருமை. பத்திரம்தான் வேணும்னு இல்ல, பெரியவங்க வாய்மொழி, பழைய கிணறு, இடுகாடு எல்லாம் செல்லும். தமிழ்நாட்டுல 2008ல் உயர்நீதிமன்ற உத்தரவால பட்டா கொடுக்கிறது முடங்கி, 2016லதான் வழி திறந்தது. அது தனி எபிசோட்.

ஆனா ஒரு தேதி இருக்கு. 2005 டிசம்பர் 13. அதுக்கு முன்னாடியே நீங்க அந்தக் காட்டு நிலத்துல இருந்திருக்கணும். பழங்குடின்னா யாருன்னு சொல்ற இடத்துலயும் 'முதன்மையாகக் காட்டில் வசிக்கிற'ங்கிற நிபந்தனை. வால்பாறைக் காடர்கள் இந்தச் சட்டத்தைக் கையில எடுக்க முடிஞ்சது. 2019 ஆகஸ்ட் நிலச்சரிவுல கல்லார் குடியிருப்பு போனப்ப, தெப்பக்குளமேட்டுல இடம் கேட்டுப் போராடி வாங்கினாங்க. ஏன்னா அவங்க இன்னும் மழைக்காட்டுக்குள்ள இருந்தாங்க. வாலாஜாபாத் ஏரிக்கரை இருளர் 2005ல எங்க இருந்தார்? அரிசி ஆலையில. 1882 சட்டம் வெளிய தள்ளினவரைப் பாத்து 2006 சட்டம் கேக்குது: நீங்க ஏன் உள்ள இல்ல?

இதே கேள்வி பிரேசில்லயும் உண்டு. அங்க தேதி 1988 அக்டோபர் 5, அரசியலமைப்பு வந்த நாள். அன்னைக்கு நிலத்துல இல்லாத பூர்வகுடிக்கு உரிமை இல்லைன்னு ஒரு வாதம். ஷோக்லெங் மக்கள் அட்லாண்டிக் மழைக்காட்டுல இருந்து முன்னாடியே துரத்தப்பட்டவங்க. அவங்க வழக்குலதான் 2023 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளுபடி செஞ்சது. அதே வருஷமே நாடாளுமன்றம் அந்தத் தேதியைச் சட்டமா கொண்டுவந்தது.

நம்ம சட்டத்துல ஒரு சின்ன ஜன்னல் இருக்கு, பிரிவு 3(1)(எம்). தேதிக்கு முன்னாடி சட்டவிரோதமா வெளியேத்தப்பட்டவங்களுக்கு மாற்று நிலம். 'சட்டவிரோதமா'ங்கிற வார்த்தையைக் கவனிங்க. இவங்களை வெளியேத்தினது சட்டமே ஆச்சே?

அதனால இவங்க மனு வனத்துறைக்குப் போறதில்ல, தாலுகா ஆபீசுக்குப் போகுது. அங்க முதல் கேள்வி பழங்குடிச் சான்று, அதை வாங்க கோட்டாட்சியர் வரைக்கும் போகணும். ரெண்டாவது, குடிசை நிக்கிற இடம் எது? ஏரின்னா ஆட்சேபகரமான புறம்போக்கு, பட்டா கிடையாது. வன உரிமைச் சட்டம் வந்த அடுத்த வருஷமே, 2007ல், ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற மாநிலச் சட்டம் வந்தது. ஏரி காப்பாத்தப்படணும், சரி. பக்கத்துல புறம்போக்கு என்னவாச்சுன்னு ஒரகடத்துல நின்னு பாத்தா தெரியும்.

சமீப வருஷங்கள்ல வாலாஜாபாத் ஒன்றியம் ஊத்துக்காட்டுல இருளர்களுக்கு அரசு வீடு கட்டிக் கொடுத்திருக்கு. பட்டா, கான்கிரீட் கூரை, கரண்ட். நான் அதைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன். மழையில பாய் சுருட்ட வேண்டாம்ங்கிறது சாதாரண விஷயம் இல்ல. ஆனா அது சென்ட் கணக்கு. சட்டம் பேசின நாலு ஹெக்டேர்னா கிட்டத்தட்ட பத்து ஏக்கர். வேலைக்கு அவங்க காலையில எங்க போறாங்கன்னு அடுத்த தடவை அந்த பஸ்ல போறப்ப முழிச்சிருந்து பாருங்க.