மலேசியாவில் நிதிக் கண்காணிப்பு மீதான வெளி விசாரணைகள்

மலேசியாவில் வங்கிகளைக் கண்காணிக்கும் பொறுப்பு 1959இல் தொடங்கப்பட்ட மத்திய வங்கியான பேங்க் நெகாராவினுடையது. அந்தக் கண்காணிப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று வெளியிலிருந்து வல்லுநர்கள் பார்ப்பது இங்கே பெரும்பாலும் பணம் கைவிட்டுப் போன பிறகே நடந்திருக்கிறது. அவர்களை யார் நியமித்தார்கள் என்பதும் ஒவ்வொரு முறையும் சர்ச்சையாகியிருக்கிறது.

முதல் பெரிய நிகழ்வு பி.எம்.எஃப். ஊழல். பேங்க் பூமிபுத்ராவின் ஹாங்காங் துணை நிறுவனமான அது, கேரியன் குழுமத்துக்குக் கடனை வாரி வழங்கியதில் ஏறக்குறைய 2.5 பில்லியன் ரிங்கிட் முடங்கியது. கணக்கைச் சரிபார்க்கப் போன தணிக்கையாளர் ஜலில் இப்ராஹிம் 1983 ஜூலையில் அங்கேயே கொல்லப்பட்டார். எதிர்க்கட்சிகள் கேட்டது அரச விசாரணை ஆணையம். 1984 ஜனவரியில் கிடைத்ததோ, வங்கியே நியமித்த மூவர் குழு. தலைமைக் கணக்காய்வாளர் அகமட் நோர்டின் அதற்குத் தலைவர். வழக்கறிஞர் சூய் முன் சோவும் கணக்கியலாளர் ரம்லி இப்ராஹிமும் உறுப்பினர்கள். சாட்சிகளைக் கட்டாயப்படுத்தி வரவழைக்கும் சட்ட அதிகாரம் குழுவுக்கு இல்லை. இருந்தும் தோண்டத் தோண்ட வந்ததையெல்லாம் எழுதிவைத்தது. 1986இல் அதன் இறுதி அறிக்கையை அரசு வெளியிட்டது. இந்த வரிசையில் இன்றும் மெச்சத்தக்கது அந்த அறிக்கைதான்.

அதே 1986இல் வைப்புத்தொகை திரட்டிய கூட்டுறவுக் கழகங்கள் சரிந்தன. 24 கழகங்களின் நடவடிக்கைகளை பேங்க் நெகாரா முடக்கியது. அதுவரை அவை பேங்க் நெகாராவின் பார்வையிலேயே இல்லை. கூட்டுறவுத் துறையின் கீழ் இருந்தன. வெளித் தணிக்கை நிறுவனங்கள் கணக்குகளைப் புரட்டின, நவம்பரில் வெள்ளை அறிக்கை வந்தது. 1989இல் வங்கி, நிதி நிறுவனச் சட்டம் நிறைவேறியது.

அதற்கு முன், 1986இல், அமெரிக்காவில் ஜார்ஜ் காஃப்மன் முதலிய பேராசிரியர்கள், எந்த அரசும் கேட்காமலே, 'நிழல்' நிதிக் கட்டுப்பாட்டுக் குழுவொன்றை அமைத்துக்கொண்டார்கள். கொள்கை நடைமுறைக்கு வரும் முன்பே விமர்சிப்பது அவர்களுடைய பாணி. மலேசியாவில் அந்தப் பாணி வேரூன்றவில்லை. நிரந்தரமாக இருக்கும் வல்லுநர் அமைப்பு என்றால் 1997இல் பேங்க் நெகாரா அமைத்த ஷரியா ஆலோசனை மன்றத்தைச் சொல்லலாம். இஸ்லாமிய நிதி தொடர்பான அதன் முடிவுகள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் என்பதைக் கூட்டரசு நீதிமன்றம் 2019இல் 5-4 என்ற பெரும்பான்மையில் உறுதிசெய்தது. ஆனால் அதன் எல்லை சமயச் சட்டம் மட்டுமே.

பேங்க் நெகாராவே விசாரணைக்கு உள்ளானது 1990களின் அந்நியச் செலாவணி வணிகத்தால். ஆளுநர் ஜாஃபார் ஹுசேன் 1994இல் பதவி விலகினார். முழு இழப்பு எவ்வளவு என்ற கேள்வி இருபது ஆண்டுகளுக்கு மேல் தொங்கியது. 2017இல் முகமட் சிடேக் ஹசான் தலைமையில் அமைந்த அரச ஆணையம், 1992 முதல் 1994 வரையிலான இழப்பை 31.5 பில்லியன் ரிங்கிட் என்று கணக்கிட்டது. கணக்கு பெரியது, அதன் பின்னணி சிக்கலானது. ஆணையம் வேண்டும் எனப் பரிந்துரைத்த சிறப்புப் பணிக்குழுவுக்கும் சிடேக்கே தலைவராக இருந்தார். சம்பவக் காலத்துப் பிரதமர் மகாதீர் அப்போது எதிரணியில்; சிடேக் விலக வேண்டும் என்ற அவர் தரப்பின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்கப்பட்டபோது பொதுத் தேர்தலுக்கு ஆறு மாதம்கூட இல்லை.

தமிழர்களுக்கு இங்கே நினைவுக்கு வருவது மைக்கா ஹோல்டிங்ஸ். தோட்டத் தொழிலாளர்கள் முதல் பட்டணத்துக் குடும்பங்கள் வரை 1982இல் சேமிப்பைப் போட்டுத் தொடங்கிய அந்நிறுவனத்துக்கு 1990இல் ஒதுக்கப்பட்ட ஒரு கோடி டெலிகாம் பங்குகளில் 90 லட்சம் வேறு கைகளுக்குப் போனது. மூவர் குழுவோ அரச ஆணையமோ அதற்கு வாய்க்கவில்லை. ஊழல் தடுப்பு நிறுவனத்தின் விசாரணையோடு நின்றுவிட்டது.

2018 மே மாத ஆட்சி மாற்றத்துக்குப் பின், அரசு முதலீட்டு நிறுவனமான ஒன் எம்.டி.பி. குறித்த தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை அதிகாரத்துவ ரகசியச் சட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. அதே மாதம் முன்னாள் நிதியமைச்சர் டைம் சைனுடின் தலைமையில், முன்னாள் ஆளுநர் செத்தி அக்தார், பொருளியலாளர் ஜோமோ குவாமே சுந்தரம் உள்ளிட்ட ஐவர் கொண்ட மாண்புமிகு ஆலோசகர் மன்றம் நூறு நாள் பணிக்கு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை.