சளிக்கால மூக்குப் புண்

ஜலதோஷம் பிடித்த இரண்டாம் மூன்றாம் நாளில் மூக்குத் துவாரங்களின் ஓரமும் மேலுதட்டுக்கு மேலுள்ள பகுதியும் வறண்டு, தோல் உரிந்து, தொட்டாலே எரிகிற நிலையே சளிக்கால மூக்குப் புண். மருத்துவ நூல்கள் இதைச் சிவத்தல் என்று எழுதும். நம் மாநிறத் தோலில் அது பெரும்பாலும் கருஞ்சிவப்பாகவோ வெறும் கருமையாகவோதான் தெரியும். தோல் மருத்துவத்தில் இது எரிச்சலால் வரும் தொடுதோல் அழற்சி. குழந்தைக்கு டயப்பரால் வரும் தடிப்பும், உதட்டை நக்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு வாயைச் சுற்றி விழும் வளையமும் இதே குடும்பம். சளியை உண்டாக்கிய வைரஸ் இந்தத் தோலைத் தாக்குவதில்லை. தோலைக் கெடுப்பது நம் துடைப்புதான்.

காரணம்

தோலின் வெளியடுக்கின் தடிமன் சுமார் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர். இறந்த செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்க, அவற்றின் இடுக்குகளைக் கொழுப்பு நிரப்பியிருக்கிறது. உடலின் நீர் வெளியேறாமலும் வெளியிலிருந்து எரிச்சலூட்டும் பொருள் உள்ளே போகாமலும் காப்பது அந்தக் கொழுப்புதான். மூக்கு ஒழுகும்போது தோல் ஊறி உப்புகிறது. ஊறிய தோலைத் துண்டால் அழுத்தித் துடைத்தால் செல்களோடு கொழுப்பும் சேர்ந்து போகிறது. பிறகு காய்ந்து சுருங்குகிறது, மறுபடி ஊறுகிறது. சளியிலுள்ள உப்பும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும், வெடித்த இடத்தில் பட்டதும் எரிச்சலைக் கூட்டுகின்றன. ஏசி அறையில் இந்தச் சுற்று இன்னும் வேகமாக நடக்கும். கரப்பான், தோல் வறட்சி போன்றவை ஏற்கெனவே இருப்பவர்களுக்குப் பாதிப்பு அதிகம்.

எதனால் துடைக்கிறோம் என்பதும் முக்கியம். வெயிலில் மொடமொடவென்று காய்ந்த கைக்குட்டை, சட்டைக் கை, பள்ளிக்கூடத்துப் பையனின் டவல் நுனி எல்லாமே சுரண்டும். காகிதக் கைக்குட்டையும் மரநார்தான், ஆயிரம் தடவை துடைத்தால் அதுவும் உரசும். இதில் ஒரு வேடிக்கை: 1924இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கிளீனெக்ஸ் முகத்தில் பூசிய கிரீமைத் துடைப்பதற்காகவே செய்யப்பட்டது. மக்கள் அதில் மூக்கைச் சிந்துவதைப் பார்த்த பிறகுதான் நிறுவனம் விளம்பரத்தை மாற்றியது.

பராமரிப்பு

தேய்க்காமல் ஒற்றி எடுப்பது முதல் வேலை. பலமுறை துவைத்து நைந்துபோன பழைய பருத்தி வேட்டித் துணி, கடையில் வாங்கும் எந்த டிஷ்யூவுக்கும் இளைத்ததல்ல. துணியை அடிக்கடி மாற்றிக்கொண்டால் போதும். சிந்தும்போது ஒரு துவாரத்தை மூடி மற்றொன்றை மெதுவாகச் சிந்த வேண்டும். காய்ந்து ஒட்டியதைப் பிய்க்காமல் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்திருந்தால் தானே இளகும். சோப்பு வேண்டாம். வாசனை சேர்த்த ஈரத் துடைப்பான்களும் வேண்டாம், அவற்றின் வாசனைப் பொருளும் பதனப் பொருளும் சிலருக்கு ஒவ்வாமையைத் தரும்.

அடுத்தது பூச்சு. இழந்த கொழுப்புக்குப் பதிலாக மேலே ஒரு படலம் வேண்டும், அது சளிநீர் படாமல் தடுக்க வேண்டும். இதற்குப் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்சியது இன்னும் வரவில்லை என்றே சொல்லலாம். 1859இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்கப் போன வேதியியலர் ராபர்ட் செஸ்பரோ, இறைக்கும் தண்டில் படியும் மெழுகுக் கசடைத் தொழிலாளர்கள் வெட்டுக்காயத்துக்கும் தீப்புண்ணுக்கும் பூசுவதைக் கவனித்தார். அதைச் சுத்திகரித்து, 1872இல் வாசலின் என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். தன் தோலையே சுட்டுக்கொண்டு அதன் மேல் பூசிக் காட்டி விற்றவர், 1933இல் 96 வயதில் இறந்தார். தினமும் ஒரு கரண்டி வாசலின் தின்றதாகவும் சொல்லிக்கொண்டார். அதை யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. அந்த ஜெல்லியில் மருந்து எதுவும் இல்லை. நீர் ஆவியாவதை அடைத்துவிடுகிறது, அவ்வளவுதான். மீதி வேலையைத் தோலே பார்த்துக்கொள்கிறது.

பலரும் புண்ணான பிறகு பூசுகிறார்கள். மூக்கு ஒழுகத் தொடங்கிய முதல் நாளே, சுத்தமான தோலில் மெல்லியதாகப் பூசிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. படுக்கும் முன் ஒருமுறை அவசியம். தேங்காய் எண்ணெயும் நல்ல மாற்று: வறண்ட தோலுக்கு அது மினரல் ஆயிலுக்கு இணையாக வேலை செய்வதை 2004இல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வு ஒன்று காட்டியது. ஆலிவ் எண்ணெய்க்கு அந்த நற்பெயர் இல்லை, தோலின் காப்பை அது பலவீனமாக்குவதாக 2013இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு கண்டது. எதைப் பூசினாலும் துவாரத்தின் விளிம்போடு நிறுத்த வேண்டும். எண்ணெய்ப் பொருளை மூக்கின் உள்ளே ஆழமாக மாதக்கணக்கில் தடவினால் அது நுரையீரலுக்கு இறங்கி, அரிதாக, ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும்.

தவிர்க்க வேண்டியவை

யூகலிப்டஸ் தைலம், கற்பூரமும் மென்தாலும் சேர்ந்த பாம் ஆகியவற்றை மூக்கடியில் தேய்ப்பது நம் வீடுகளில் பழக்கம். மென்தால் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. மூக்கு திறந்தது போல் தோன்றும், ஆனால் உள்ளே போகும் காற்றின் அளவு மாறுவதில்லை. வெடித்த தோலில் பட்டால் சுள்ளென்று எரியும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூரம் கலந்த எதையும் பூசக் கூடாது, வலிப்பு வரை கொண்டுபோகக்கூடிய நச்சு அது. சுக்குப் பற்றோ நீர்க்கோவை மாத்திரைப் பற்றோ போடுபவர்கள் நெற்றியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இவற்றைவிடக் கவலைக்குரியது, மெடிக்கல் ஷாப்பில் “மூக்கு எரியுது” என்றதும் எடுத்துக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு கலந்த கிரீம். இரண்டே நாளில் எரிச்சல் அடங்கும், அதனாலேயே டியூப் வீட்டில் தங்கிவிடும். முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், பருக்கள் வரும், நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக எரியும். இந்திய அரசு 2018இல் இத்தகைய பூச்சுகள் பலவற்றை மருத்துவர் சீட்டுடன் மட்டும் விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. பட்டியல் ஒரு பக்கம், கடை நடைமுறை இன்னொரு பக்கம்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை

தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினால் பாக்டீரியா தொற்று என்று கொள்ளலாம். குழந்தைகளிடம் இது வேகமாகப் பரவும். அவர்களின் துண்டைத் தனியாக வைத்து, ஆன்டிபயாடிக் களிம்பு தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். கொத்தாக நீர்க்கொப்புளம் எழுந்தால் அது ஹெர்பிஸாக இருக்கலாம். மூக்கின் உள்ளே வலியோடு கட்டி வந்தால் கிள்ளவோ பிதுக்கவோ கூடாது. அப்பகுதி இரத்தக் குழாய்கள் மூளையை ஒட்டிய குழாய்களோடு இணைந்தவை. காய்ச்சல், கண் வீக்கம், கடும் தலைவலி சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாதாரணப் புண் சளி நின்ற சில நாட்களில் ஆறிவிடும். மாநிறத் தோலில் மட்டும் அந்த இடம் சில வாரங்கள், சில சமயம் மாதங்கள் கறுத்துத் தெரியும். அது தழும்பல்ல. வெயிலில் அதிகம் காட்டாமல் விட்டால் தானே மங்கும். வெளுப்பாக்கும் கிரீம்களைப் பூசினால் எரிச்சல் மறுபடி தொடங்கும்.